கன்னத்தில் இல்லாத தழும்பு

கண்டியிலிருந்து குண்டசாலைக்குப் போகும் பஸ்ஸில் செவ்வாயும் வெள்ளியும் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. தொண்ணூற்றேழாம் ஆண்டில் அந்த பஸ்ஸில் போனவர்களில் பாதிப்பேருக்குக் குண்டசாலையில் வீடும் இல்லை, வேலையும் இல்லை. அவர்கள் அஞ்சனச் சாமியைப் பார்க்கப் போனார்கள். வெற்றிலையில் மை தடவி, அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, உங்கள் பெயர், பிறந்த ஊர், பிறந்த திகதி, செய்யும் தொழில் எல்லாவற்றையும் நீங்கள் வாயைத் திறக்குமுன்னே சொல்லிவிடுகிற மகான் அவர். எங்களுக்கே தெரிந்த விஷயங்களை எங்களுக்குச் சொல்வதற்கு எதற்கு ஒரு மகான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஸ்ஸில் இடம் கிடைத்திருக்கும்.

சாமி இமயமலையில் பன்னிரண்டு வருடம் தவம் செய்தவர் என்றார்கள். வாயைத் திறந்தால் மாத்தளைச் சந்தையின் தமிழ்தான் வந்தது. இமயமலையிலும் அப்படித்தான் பேசுகிறார்கள் போலும்.

கூட்டத்தில் பேதமே கிடையாது. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள், தோட்டத்துச் சனங்கள், வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள அம்மாமார், அக்குறணைக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அரசியல்வாதிகள் ஐம்பது வருடமாகச் செய்ய முடியாத ஒற்றுமையைச் சாமி ஒரு வெற்றிலையில் செய்துவிட்டார். அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்த மஹ்ரூப் முதலாளி மட்டும் வரிசையில் நின்றபடியே தன் நிலையை விளக்கிக்கொண்டிருப்பார்.

"நான் இதையெல்லாம் நம்புற ஆளில்ல. லொறி ஒண்டு காணாமப் போய் ஈக்கி. சும்மா கேட்டுப் பாத்துட்டுப் போகத்தான் வந்த."

அது அவர் சும்மா கேட்டுப் பார்க்க வந்த ஆறாவது தடவை.

வாசலில் காக்கிக் காற்சட்டை போட்ட வீரசிங்கம் நிற்பான். சாமியின் வலது கை. உள்ளே போகிறவர் அடையாள அட்டையை அவனிடம் கொடுக்க வேண்டும். அவன் ஒரு பித்தளை வில்லையைக் கொடுப்பான், அதில் இலக்கம் இருக்கும். திரும்பி வரும்போது வில்லையைக் கொடுத்து அட்டையை வாங்கிக்கொள்ளலாம். பாதுகாப்புக் காரணம், காலம் சரியில்லையே! ஆஸ்பத்திரியில் கொடுக்கிறோம், வங்கியில் கொடுக்கிறோம், வீதியில் நூறு அடிக்கு ஒரு தடவை ஆமிக்காரனிடம் கொடுக்கிறோம். அந்த நாட்களில் ஒரு வாசலைக் கண்டால் எங்கள் கை தானாகவே சட்டைப்பைக்குப் போகும். கொடுத்தது கூட நினைவில் இருக்காது. அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டு, முறைப்பாட்டுப் பிரதி என்று உயிரைக் காக்கும் கடதாசி எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தோம். உறையோடு கொடுத்தோம்.

ஒரு மணித்தியாலம் கழித்து உள்ளே சாமி எங்கள் பெயரைச் சொன்னதும் மயிர்க்கூச்செறிந்தது. சிரிக்காதீர்கள். நானும் ஒருநாள் போய்க் கூச்செறிந்து வந்தவன்தான்.

அந்த மண்டபத்தின் முன் வரிசையில் இராசமணி என்ற அம்மாவுக்கு நிரந்தர இடம் இருந்தது. கொக்குவிலைச் சேர்ந்தவர், கணவனை இழந்தவர். ஒரே மகன் திருச்செல்வம் கண்டியில் படவரைஞராக வேலை செய்தான். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவனை இறக்கினார்கள். பஸ் போய்விட்டது. அவன் வரவில்லை. இராசமணி ஏறாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை.

கடைசியில்தான் அவர் சாமியிடம் போனார். சாமி மையைப் பார்த்தார். "மகளே இராசமணி, உன் மகன் திருச்செல்வம். வெள்ளைச் சேட், கறுப்புக் காற்சட்டை. வியாழக்கிழமை. கம்பி போட்ட ஓர் அறை தெரிகிறது. உயிரோடு இருக்கிறான்" என்றார். எட்டு மாதத்தில் அந்தத் தாயிடம் உயிரோடு இருக்கிறான் என்று சொன்ன ஒரே வாய் அது. அவர் விழுந்து கும்பிட்டதில் என்ன ஆச்சரியம்? நாற்பது மேசைகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு ஒரு வெற்றிலை திரும்பிப் பார்த்தால் அது தெய்வமாகத்தான் தெரியும். எனக்குக் கோபம் அந்தத் தாயிடம் இல்லை.

சாமி இன்னொன்றும் சொன்னார். "இடது கன்னத்தில் ஒரு தழும்பு தெரிகிறது."

"சாமி, என்ரை பிள்ளைக்குக் கன்னத்திலை தழும்பு இல்லையே!"

சாமி கண்ணை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது பிறகு வந்தது, மகளே."

அன்றிலிருந்து அந்தத் தாய் அந்தத் தழும்பை நினைத்து அழுதார். எதால் அடித்தார்கள், எத்தனை பேர் அடித்தார்கள், கண்ணுக்குப் பட்டதா என்றெல்லாம் தனக்குள்ளே கேட்டுக் கேட்டு அழுதார். சாமி நாற்பத்தொரு நாள் விரதம் கொடுத்தார். விரதம் முடியும் வரை எந்த அரசாங்கக் கந்தோர்ப் படியிலும் கால் வைக்கக் கூடாது, வைத்தால் மையில் தெரிகிற உருவம் அழிந்துவிடும். பூசைச் செலவுக்குக் கையில் இருந்த ஆறு காப்பில் நாலு கழன்றன. அதைவிட முக்கியம், புதிதாக வருகிறவர்களுக்குச் சாமியின் பெருமையைச் சொல்ல முன் வரிசையில் ஒரு தாய் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். எந்தப் பத்திரிகையில் காசு கொடுத்தாலும் இப்படியொரு விளம்பரம் போட முடியாது.

இப்போது கறுப்பையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டியில் அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் மரத்தடியில் ஒரு சின்ன மேசையும் பழைய தட்டச்சும் வைத்துக்கொண்டு மனு எழுதுகிறவர். தோட்டத்தில் பிறந்தவர், தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் எழுதுவார். முப்பது வருடமாக அவர் செய்த வேலை, அரசாங்கக் கடதாசிகளில் உள்ள பிழைகளைத் திருத்தக் கேட்டு அரசாங்கத்துக்கே மனு எழுதுவது. "பிழையில்லாத கடதாசி உள்ள மனுசன நான் இன்னும் பாக்கல. பாத்தா படம் எடுத்து மாட்டிருவேன்" என்பார்.

இராசமணிக்காகக் காணாமற்போனவர்களை விசாரிக்கும் குழுவுக்கு மனு எழுதியவரும் அவர்தான். அதற்குப் பதில் வந்துவிட்டது. குழு அடுத்த புதன்கிழமை ஒருநாள் மட்டும் கச்சேரியில் கூடுகிறது, மனுதாரர் நேரில் வர வேண்டும், வராவிட்டால் விசாரணைக் கோவை மூடப்படும். கறுப்பையா கடிதத்தை எடுத்துக்கொண்டு இராசமணியின் வாடகை அறைக்குப் போனார். இராசமணி கடிதத்தைத் தொடவே இல்லை.

"என்னாலை வரேலாது, அண்ணை. விரதம் முடிய இன்னும் பதினொரு நாள் கிடக்கு. கச்சேரிப் படியிலை கால் வைச்சால் எல்லாம் அழிஞ்சுபோம்."

"அம்மா, இந்தத் தேதி போனா மறுபடி வராது."

"சாமிக்கு எல்லாம் தெரியும். நான் ஒண்டும் சொல்லாமலே பேர் சொன்னவர், ஊர் சொன்னவர், பிள்ளை போட்டிருந்த சேட்டைச் சொன்னவர். எனக்கே தெரியாத தழும்பைச் சொன்னவர்!"

கறுப்பையா அந்த இடத்தில் நிமிர்ந்தார். பிழையைக் கண்டால் நிமிர்கிற பழக்கம் அவருக்குத் தொழிலால் வந்தது.

"உங்களுக்கே தெரியாத தழும்பா? அம்மா, அந்த பிளாஸ்டிக் உறைய குடுங்க."

உறைக்குள் அடையாள அட்டைக்குப் பின்னால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி மடித்து இருந்தது. முழுக்கச் சிங்களம். இராசமணிக்கு அதில் ஓர் எழுத்துத் தெரியாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவர். கறுப்பையா முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகப் படித்தார். அவருடைய முகம் மாறியது.

"இதில எழுதியிருக்கும்மா. 'வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. அடையாளம்: இடது கன்னத்தில் தழும்பு.' மனு எழுதுறப்போ நான் நம்பரையும் தேதியையும் மட்டும் பாத்து எழுதிட்டேன். உள்ள படிக்கல. அது என் தப்பு."

"நான் அப்பிடிச் சொல்லவே இல்லை! அந்தச் சார்ஜன் சிங்களத்திலை என்னவோ கேட்டுக்கொண்டிருந்தவர். எனக்கு விளங்கேல்லை. நான் சும்மா இருந்தனான்."

"எப்படி இருந்தீங்க?"

இராசமணி பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தது போலவே உட்கார்ந்து காட்டினார். தலை சாய்ந்திருந்தது. இடது கை இடது கன்னத்தில் இருந்தது.

ஏதாவது அடையாளம் உண்டா என்று சார்ஜன் கேட்டிருக்கிறார். எதிரில் இருந்த தாய் கன்னத்தில் கை வைத்திருந்தார். சார்ஜன் எழுதிவிட்டார். அவ்வளவுதான் தழும்பின் கதை. ஒரு தாய் இடிந்துபோய்க் கன்னத்தில் வைத்த கை, பொலிஸ் கடதாசியில் தழும்பாகி, வீரசிங்கத்தின் கை வழியாகச் சாமியின் மையில் ஏறி, அதே தாயை ஒரு மாதம் அழவைத்திருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் இராசமணி அப்போதே செருப்பைத் தூக்கிக்கொண்டு குண்டசாலைக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு எந்தப் பகுத்தறிவுப் பிரசங்கத்திலும் பதில் இல்லை.

"அண்ணை, தழும்பு பொய்யெண்டால், பிள்ளை உயிரோடை இருக்கிறான் எண்டதும் பொய்தானே?"

கறுப்பையா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அது எனக்குத் தெரியாதும்மா. சாமிக்கும் தெரியாது. தெரிஞ்சவங்கள புதன்கிழமை போய்த்தான் கேக்கணும். ஆனா ஒண்ணு. இந்தக் கடதாசிய வச்சுக்கிட்டுத் தேடுறவன், கன்னத்துல தழும்பு உள்ளவனத்தான் தேடுவான். உங்க மகன் எதுக்க வந்து நின்னாலும் இவன் இல்லன்னு சொல்லிருவான்."

இராசமணி பிளாஸ்டிக் உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "செவ்வாய்க்கிழமை சாமியிட்டை வாங்கோ. உங்களைப் பற்றி அவர் சொல்லுறது பிழையெண்டால் நான் புதன்கிழமை வாறன்."

செவ்வாய்க்கிழமை காலை கறுப்பையா பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். வாசலில் நல்ல பிள்ளை போல அட்டையைக் கொடுத்து வில்லையை வாங்கினார். இலக்கம் இருபத்திரண்டு. மண்டபம் நிறைந்திருந்தது. முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் பரமநாதன், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், சாமியின் தலைமைச் சீடர். முப்பத்தைந்து வருடம் கோவைகளைப் பார்த்துப் பார்த்து எதிலும் நம்பிக்கை இழந்தவர், சாமியிடம் அதை வட்டியோடு மீட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு கூப்பிடப்பட்டது. வீரசிங்கம் திரைக்குப் பின்னாலிருந்து பித்தளைத் தட்டில் வெற்றிலையைக் கொண்டுவந்து பயபக்தியோடு நீட்டினான். ஒவ்வொருவருக்கும் புதிய வெற்றிலை, சாமி அவ்வளவு சுத்தம். மை தடவிய பக்கம் சாமிக்கு, பச்சைப் பக்கம் எங்களுக்கு. சாமி வெற்றிலையைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"மகனே வீரையா!"

சனங்கள் கைகூப்பினார்கள்.

"நாற்பத்துமூன்றாம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம் பதினேழாம் திகதி. தேயிலை மணக்கும் மண்ணில் பிறந்தவனே! எழுத்து உன் தொழில்."

"ஆமாங்க சாமி, நீங்க சொன்ன தேதி ரொம்பச் சரி" என்றார் கறுப்பையா. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த வீரையாவுக்கு ஆயுசு எப்படிங்க?"

"நீண்ட ஆயுள்! எண்பத்தொரு வயது வரை ஒரு குறையும் இல்லை."

"எண்பத்தொண்ணா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி."

"மை பொய் சொல்லாது!"

கறுப்பையா எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"வீரையா எங்க அண்ணன். ஆறாவது மாசமே காய்ச்சல்ல செத்துப் போயிட்டான். நான் கறுப்பையா. மூணு வருசம் கழிச்சுப் பொறந்தவன். எனக்குப் பதிவு எடுக்கப் போனா அரைநாள் வேலை போயிருமேன்னு, பள்ளிக்கூடத்துல சேக்குறப்போ எங்க அப்பா அண்ணனோட பொறப்புப் பத்திரத்தையே குடுத்துட்டாரு. அதான் அட்டையிலயும் வந்துருச்சு. இந்தாங்க சத்தியக் கடதாசி. கச்சேரியே ஒத்துக்கிட்ட விசயம். சாமிக்கு மட்டும் இன்னும் தெரியல."

பரமநாதன் துள்ளி எழுந்தார்.

"பாத்தியளே! சாமி செத்த ஆத்துமாவோடை கதைச்சிருக்கிறார்! இது பெரிய அற்புதமெல்லே!"

கூட்டம் ஆ என்றது. இரண்டு பேர் விழுந்தே கும்பிட்டார்கள். மூழ்கப் போன சாமியும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆம். ஆத்மா பேசியது!"

"ஆறு மாசத்துல செத்த ஆத்மாவுக்கா சாமி எண்பத்தொரு வயசு குடுத்தீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சாமியார்களுக்குச் சாபத்தை விடக் கெடுதல் செய்வது அதுதான். சிரிப்பு அடங்குவதற்குள் மஹ்ரூப் முதலாளி எழுந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. எனக்கு இவர் ஜனவரி முதலாம் திகதி பொறந்த எண்டு சென்னார். நான் பொறந்த நோம்புப் பெருநாளைக்கு ரெண்டு நாள் முந்தி எண்டு என்ட உம்மா மௌத்தாகுற வரைக்கும் செல்லிக்கொண்டு இருந்தா. அந்த வருசம் பெருநாள் செப்டெம்பர்ல. கிளாக்கர் திகதி தெரியாம ஜனவரி ஒண்டு எண்டு போட்ட. காட்லதான் அப்பிடி ஈக்கி!"

"எனக்கு இவர் பதுளையிலை பிறந்தனி எண்டு சொன்னவர்" என்று லீலாதேவி என்ற ஆசிரியை எழுந்தார். "நான் பிறந்தது சாவகச்சேரியிலை. கார்டிலைதான் பதுளை எண்டு கிடக்கு."

"டீச்சர், நீங்க ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டார் கறுப்பையா.

"எந்தக் கந்தோரிலை கேட்டாலும் கார்டிலை உள்ளதைத்தானே சொல்ல வேண்டிக்கிடக்கு. மாறிச் சொன்னால் உள்ளுக்கை போட்டிடுவாங்களே! பழக்கத்திலை ஓம் எண்டு தலையாட்டிப் போட்டன்."

பிறகு மண்டபம் முழுக்க அதே கதைதான். ஒருவருக்கு வயது பிழை, ஒருவருக்கு ஊர் பிழை, ஒரு கிழவருக்கு இல்லாத தொழில். எல்லோருக்கும் சாமி அந்தப் பிழையைப் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார். எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஆமிக்காரனுக்கு முன்னால் ஆட்டிப் பழகிய தலை சாமிக்கு முன்னாலும் ஆடியிருக்கிறது.

இந்தச் சத்தத்துக்கு நடுவே இராசமணி முன் வரிசையிலிருந்து எழுந்து நேரே சாமியிடம் போனார். யாரும் தடுக்கவில்லை, அவர் சாமியின் சொந்த விளம்பரம் அல்லவா? சாமியின் கையிலிருந்த வெற்றிலையைப் பிடுங்கித் திருப்பினார். மையில் ஒட்டியபடி ஒரு கடதாசித் துண்டு இருந்தது. வீரசிங்கத்தின் பொடி எழுத்தில் வீரையா, 1943.08.17, தோட்டத்தின் பெயர், மனு எழுதுபவர்.

இராசமணி அதைக் கூட்டத்துக்குக் காட்டினார். பிறகு சாமியைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"என்ரை பிள்ளையின்ரை கன்னத்திலை இருந்தது தழும்பில்லை. என்ரை கை. அது பிறகு வந்த காயமெண்டு சொன்னியே, உனக்கு வாய் கூசேல்லையே?"

சாமி விரலில் ஒட்டிய மையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் கூட்டம் பொங்கி எழுந்து சாமியை உதைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். அட்டை! அட்டை கையில் இல்லாமல் குண்டசாலைச் சாவடியைத் தாண்ட முடியாது. வீரசிங்கம் வில்லைகளையும் அட்டைகளையும் மேசையில் கொட்டிவிட்டு ஓடியிருந்தான். அந்தக் குழப்பத்தில் சாமி பின்பக்கத்தால் இறங்கி நழுவினார், ஆனால் சாவடியைத் தாண்டவில்லை. ஊரார் அட்டையெல்லாம் படித்தவர் தன் அட்டையை வீட்டில் விட்டு ஓடி வந்திருந்தார். பெயர் என்ன, ஊர் என்ன என்று ஆமிக்காரன் கேட்டபோது வெற்றிலை நீட்ட ஆளில்லை. அடுத்த நாள் அட்டை கொண்டுவந்து காட்டி மீட்டார்களாம். பிறந்த இடம் மாத்தளை. அதிலாவது பிழை இல்லை.

புதன்கிழமை காலை இராசமணி கச்சேரிப் படியில் ஏறினார். முதல் படியில் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஏறினார். குழுவின் முன்னால் கன்னத்தில் கை வைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, தழும்பு இல்லை என்று சொன்னார். கறுப்பையா சிங்களத்தில் சொன்னார். எழுதுவினைஞர் வெட்டி எழுதினார்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. தெற்கே ஒரு தடுப்பு முகாமில் திருச்செல்வம் என்று ஒருவர் இருக்கிறார். இந்தப் பெயரில் முன்பு ஒரு தடவை விசாரித்தபோது, கன்னத்தில் தழும்பு காணப்படாததால் இவர் அவரல்லர் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. தாயார் வந்து பார்க்கலாம். இராசமணி போய்ப் பார்த்தார். மெலிந்திருந்தான். கம்பிக்கு இடையால் கையை விட்டு இடது கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாராம். அதைக் கேட்டபோது என் கண்ணும் நனைந்தது. சொல்வதில் வெட்கமில்லை.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பஸ்தரிப்பில் பரமநாதனைக் கண்டேன். முகம் மலர்ந்திருந்தது.

"கேள்விப்பட்டியளே? இராசமணியின்ரை பொடியன் உயிரோடை இருக்கிறானாம்! சாமி அண்டைக்கே சொன்னவரெல்லே! அவரைத் துரத்திப்போட்டு இப்ப இருந்து கவலைப்படுறம். கடுகண்ணாவைப் பக்கம் புதுசா ஒருத்தர் வந்திருக்கிறாராம். தேங்காயிலை பாக்கிறவராம்."

சட்டைப்பையைத் தடவி அடையாள அட்டை இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு அவர் பஸ்ஸில் ஏறினார். அட்டையைக் கேட்ட இடத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும், நாடு அப்படி. தலையை உங்களிடம் யாரும் கேட்கவில்லையே ஐயா, அதை ஏன் வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறீர்கள்?